மாடிஃபை கார்: டயர், ஹை-லோ, பிரேக் – உங்கள் அனுபவம் என்ன?

செலாயாங் 86:

எக்ஸாஸ்ட், டர்போ என்று நிறையப் பேசியாகிவிட்டது. வண்டி ரோட்டைப் பிடிப்பதையும் நிற்பதையும் கொஞ்சம் பேசலாம். நானே தொடங்குகிறேன்.

என்னுடையது முதல் தலைமுறை டொயோட்டா 86, 2012இல் சந்தைக்கு வந்த ரகம். கம்பெனி போட்டுக் கொடுத்தது 17 அங்குல ரிம்மில் 215/45 மிஷ்லின் பிரைமசி. பிரியஸுக்குப் போடுகிற டயரை ஸ்போர்ட்ஸ் காருக்குப் போட்டிருக்கிறார்களே என்று அப்போது பலர் கிண்டலடித்தார்கள். பிடி குறைவாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே வால் ஆடும், ஓட்ட ஜாலியாக இருக்கும் என்பது கம்பெனியின் கணக்கு. சிப்பாங் ரேஸ் டிராக்கில் அது சரி. சாயங்காலம் மழை கொட்டும்போது காராக் ஹைவேயில் எனக்கு அந்த ஜாலி வேண்டாம். அதனால் என்ஜினில் கை வைக்கும் முன் டயரைத்தான் மாற்றினேன்.

டயர் கடை தவுக்கே செமி-ஸ்லிக்கைத்தான் எடுத்துக் காட்டினார். பக்கச்சுவரில் ட்ரெட்வேர் (தேய்மான எண்) 200 என்று இருந்தது. எண் குறையக் குறைய பொதுவாக ரப்பர் மெது, பிடி அதிகம், சீக்கிரம் தேயும். எனக்குத் தேய்மானம் பெரிய கவலை இல்லை. ஆனால் அந்த டயரில் காடி குறைவு, தண்ணீர் வெளியேறப் போதுமான வழி கிடையாது. நண்பர் ஒருவர் அதே ரக டயர் போட்ட வண்டியில் என்னைப் பெந்தோங்கிலிருந்து கூட்டி வந்தார். நல்ல மழை. கெந்திங் செம்பா இறக்கத்தில் தண்ணீர் தேங்கிய ஒரு இடம். அவர் கால் அசையவில்லை, ஆனால் ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி மேலே போனது. பின் டயர் இரண்டும் தண்ணீர் மேல் ஏறிச் சும்மா சுற்றியிருக்கின்றன. ஒரு நொடிதான், அப்புறம் பிடித்துக்கொண்டது. பத்துமலை வரும்வரை இருவரும் வாய் திறக்கவில்லை.

நான் எடுத்தது மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4. டிராக்கில் செமி-ஸ்லிக்கிடம் தோற்கும், சந்தேகமே இல்லை. நான் டிராக்குக்குப் போவதைவிட மழையில் ஓட்டுவதுதான் அதிகம்.

இன்னொன்று. டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். அந்தத் தேதி பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். மாட்டும்போது உள்பக்கம் போய்விட்டால் குனிந்து, கைப்பேசி விளக்கை அடித்துத்தான் பார்க்க முடியும். மாட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். மலிவு விலைக்குப் பின்னால் பல சமயம் பழைய சரக்குதான் இருக்கும்.

பாயான் லெப்பாஸ் ஜிடிஐ:

பினாங்கிலிருந்து நம்ம பங்கு. என்னிடம் புரோட்டோன் சாத்ரியா ஜிடிஐ. 1.8 லிட்டர் என்ஜினைவிட நான் அதை வாங்கியதற்குக் காரணம் லோட்டஸ்காரர்கள் சரிசெய்த சஸ்பென்ஷன். ஆனால் கைக்கு வந்த வண்டியில் லோட்டஸ் வேலை எதுவும் மிச்சமில்லை. முந்தைய உரிமையாளர் ஹை-லோ (உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய சஸ்பென்ஷன்) போட்டுத் தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தார். பார்க்க அழகு. துன் சார்டோன் சாலையில் பாலேக் பூலாவ் பக்கம் ஏறினால்தான் வண்டவாளம் தெரியும். அங்கே வளைவுக்கு நடுவிலேயே ஒட்டுப்போட்ட தார் மேடு இருக்கும். முன் டயர் மேட்டில் பட்டுத் துள்ளியது, வண்டி அரையடி வெளியே நகர்ந்து மறுபடி பிடித்தது. எதிரே லாரி இருந்திருந்தால் நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கியில் ஏற்றாமல், நாலு டயரும் தரையில் நிற்கும்படி பள்ளத்தின் மேல் நிறுத்தினார் போமன். "அண்ணே, கீழே வந்து பாருங்க" என்றார். லோவர் ஆர்ம் உள்பக்கம் சரிந்து, டயர் பக்கம் மேல்நோக்கி நின்றது. இந்த மாதிரி ஸ்ட்ரட் வண்டியில் ஆர்ம் கிட்டத்தட்டத் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். அதற்கும் கீழே இறக்கினால் வண்டி வளைவில் சாய்வது குறையாது, கூடும். அப்சோர்பருக்கு நகர இடமும் இருக்காது. அப்சோர்பர் முழுதாக அமுங்கி முட்டாமல் தடுக்க உள்ளே இருந்த பம்ப் ஸ்டாப் ரப்பர் நசுங்கிப் பிளந்து கிடந்தது. வண்டி ஸ்பிரிங்கில் ஓடவில்லை, அந்த ரப்பரில் ஓடியிருக்கிறது.

உயரத்தை ஏற்றி, ஸ்பிரிங்கை ஒரு படி மென்மையானதாக மாற்றி, டோவும் (டயரின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பும் கோணம்) கேம்பரும் (டயரின் மேல்பக்கம் சாயும் கோணம்) மறுபடி பிடித்தோம். அதே மேடு, அதே வேகம். ஸ்டியரிங்கில் ஒரு சின்ன அசைவு மட்டும். கடினமான ஸ்பிரிங்தான் ரேஸ் ஸ்பிரிங் என்று யார் கிளப்பிவிட்டார்களோ. வழவழப்பான டிராக்குக்கு ஒத்துவருவது நம் மலைப்பாதைக்கு வராது. தெலுக் பஹாங் பக்கம் ஓட்டுபவர்களுக்கு நான் சொல்வது தெரியும்.

பூச்சோங் மைவி:

ஜிடிஐ அண்ணன் மலையைச் சொல்கிறார். எனக்கு எங்கள் தாமான் வேகத்தடையே போதும். ஆளாளுக்குச் சொந்தமாக சிமெண்டு குழைத்துப் போட்டது. இறக்கின வண்டியைக் குறுக்காக ஏற்றினாலும் அடி உரசும். டயர் உள்பக்கம் மட்டும் மொட்டையானதற்கு எல்லாரும் கேம்பரைத்தான் சொன்னார்கள். அலைன்மெண்ட் போட்டுப் பார்த்தால் டோ வெளியே போயிருந்தது. டோவைச் சரிசெய்தேன், தேய்மானம் நின்றது. கேம்பரைத் தொடவே இல்லை.

செந்தூல் ஒர்க்‌ஷாப்:

பிரேக் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே, நான் சொல்கிறேன். எங்கள் கடைக்கு ஒரு தம்பி வந்தார். டர்போ போட்ட வண்டி, பேட்டை டிஸ்க்கில் அழுத்துகிற காலிப்பர் ஆறு பிஸ்டன் ரகம், பளபள சிவப்புப் பெயிண்ட். கெந்திங்கிலிருந்து இறங்கியபோது கோத்தோங் ஜெயா தாண்டியதும் பிரேக் போய்விட்டதாம். நான் முதலில் கேட்டது, "பெடல் கெட்டியா இருந்து நிக்கலையா, இல்ல அப்படியே கீழ போச்சா?" கீழே போனது என்றார். அப்படியென்றால் பெரும்பாலும் பேட் தப்பில்லை, எண்ணெய் கொதித்துவிட்டது. பெடல் கெட்டியாக இருந்து வண்டி நிற்காவிட்டால் பேட் தாங்கவில்லை என்று அர்த்தம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

எண்ணெயை வெளியேற்றும் காலிப்பர் நிப்பிளைத் திறந்தேன். எண்ணெய் கோப்பி-ஓ நிறத்தில் வந்தது. காலிப்பருக்குச் செலவழித்தவர் எண்ணெயை மாற்றவே இல்லை. பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், நம் ஊர்க் காற்றைக் கேட்கவே வேண்டாம். தரக் கணக்குப்படி டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்கும், ஈரம் ஏறியபின் அது 155. டாட் 5.1 என்றால் 260, 180. டாட் 5 என்பது வேறு, அது சிலிகான். பெயரைப் பார்த்து இதோடு கலந்துவிடாதீர்கள். வேகமாக ஓட்டுகிறவர் வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்றுங்கள். மலையிலிருந்து இறங்கும்போது கியரைக் குறையுங்கள், பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வராதீர்கள்.

பெரிய காலிப்பர் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காலியான ரோட்டில் பலமாக மிதித்துப் பாருங்கள். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) துடித்தால் அந்த ஒரு தடவைக்கு வேண்டிய பிரேக் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நிற்கும் தூரம் குறைய வேண்டுமானால் டயரை மாற்றுங்கள். பெரிய டிஸ்க் தேவைப்படுவது திரும்பத் திரும்ப மிதிக்கும்போது சூடு தாங்கத்தான். முன்னால் மட்டும் காலிப்பரைப் பெரிதாக்கினால் பின் பிரேக்கின் பங்கு குறைந்து அது சோம்பேறியாக இருக்கும், பெடலை மிதிக்கும் தூரமும் கூடிவிடும்.

காஜாங் ஈஜி:

சிப்பாங் போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. நீளமான இரண்டு நேர்ப்பாதையும் முடிகிற இடத்தில் முழுப்பலத்தோடு பிரேக் மிதிக்க வேண்டும், பேட்டை அந்த இரண்டு இடத்துக்காகத்தான் வாங்க வேண்டும். ஆனால் அதே பேட்டோடு காலையில் வேலைக்குக் கிளம்பினால் முதல் சிக்னலில் கடிக்காது, சத்தமும் போடும். நான் இரண்டு செட் வைத்து மாற்றிக்கொள்கிறேன். ஓடி முடித்ததும் ஒரு சுற்று மெதுவாக வந்து ஆறவிடுங்கள். நிறுத்தியவுடன் கை பிரேக்கை இழுக்காதீர்கள், கட்டை வையுங்கள்.

செலாயாங் 86:

செந்தூல் அண்ணே, ஹாஃப்-கட் கடையில் (பழைய வண்டிகளின் பாகம் விற்கும் கடை) நாலு பிஸ்டன் காலிப்பர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். எடுக்கலாமா?

செந்தூல் ஒர்க்‌ஷாப்:

பெயிண்டைப் பார்க்காதீர்கள் தம்பி. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பரை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடித்திருந்தால் உள்ளே துரு இருக்கலாம். சீல் கிட் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள். ஒரு ரிம்மைக் கழற்றி வண்டியிலேயே எடுத்துப் போங்கள். 17 அங்குலமாக இருந்தாலும் சில ரிம்மின் ஸ்போக் காலிப்பரில் இடிக்கும், அதைக் கடையிலேயே வைத்துப் பார்த்துவிடலாம்.