மறுமொழி: படகு ஒரு நாட்டை விட்டுக் கிளம்பும்போது துறைமுகத்தில் வாங்கும் தாளுக்கு என்ன பெயர்?

வணக்கம். படகு ஒரு நாட்டை விட்டுக் கிளம்பும் முன் அதிகாரிகள் கொடுக்கும் தாளுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். இதுவரை வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'புறப்பாட்டு அனுமதி' போதும். எல்லோருக்கும் உடனே புரியும்.

புரியும், மறுக்கவில்லை. ஆனால் அனுமதி என்றால் அது இல்லாமல் கிளம்பவே கூடாது என்றாகிறது. பல நாடுகளில் அப்படித்தான். எல்லா இடத்திலும் இல்லை. அமெரிக்காவில் பதிவான உல்லாசப் படகு அந்த நாட்டை விட்டுக் கிளம்ப இந்தத் தாள் கட்டாயமில்லை. இருந்தும் பலர் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். அடுத்து கரையேறும் நாட்டில், "கடைசித் துறைமுகத்தில் கொடுத்த தாள் எங்கே?" என்று கேட்பார்களே, அதற்காக. இந்தப் படகு பாக்கி எதுவும் வைக்காமல், சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. அந்தப் பொருள் 'அனுமதி'யில் வரவில்லை.

> 'சுங்க விடுவிப்பு' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே?

சரக்குக்கு அது நல்ல சொல். இங்கே கிளம்புவது படகும் அதில் இருக்கும் ஆட்களும். குடிவரவு அலுவலகத்தில் கடவுச்சீட்டில் முத்திரை, சுங்கத்தில் படகின் பதிவுப் பத்திரம், துறைமுக அலுவலகத்தில் கட்டணம், எல்லா இடத்திலும் மாலுமிகள் பட்டியல். வரிசை ஊருக்கு ஊர் மாறும். எல்லாம் முடிந்த பிறகுதான் அந்த ஒரு தாள் கைக்கு வரும். 'சுங்க' என்று தொடங்கினால் மற்ற இரண்டும் விடுபட்டுப் போகின்றன.

தாள் வந்த பிறகு நடப்பதையும் நாம் கவனிக்க வேண்டும். படகு இன்னும் நங்கூரத்தில்தான் நிற்கிறது. ஆனால் சட்டப்படி ஆட்கள் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். பல நாடுகளில் குறிப்பிட்ட கெடுவுக்குள் கிளம்பிவிட வேண்டும், 24 மணி நேரம் என்பது பரவலான கெடு. வழியில் அதே நாட்டின் இன்னொரு விரிகுடாவில் இறங்கிக் குளித்துவிட்டுப் போகலாம் என்றால் அது சட்டமீறல். வரியில்லாத டீசல் கிடைக்கும் இடங்களில், பெரும்பாலும் இந்தத் தாளைக் காட்டினால்தான் கொடுப்பார்கள். காற்று திசைமாறிக் கிளம்ப முடியாமல் போனால் திரும்பவும் அதிகாரிகளிடம் போய்ச் சொல்ல வேண்டும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் குடிநீர், டீசல், காய்கறி எல்லாம் ஏற்றி, வானிலை கூடிவரும்வரை காத்திருந்து, கடைசி வேலையாக இதை வாங்குகிறார்கள். இத்தனையையும் ஒரே சொல் தாங்க வேண்டும்.

ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் இதை 'சார்ப்பே' என்கிறார்கள். நங்கூரம் தூக்கிக் கிளம்புவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. ஆங்கிலம் பேசும் படகோட்டிகளும் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் செயலிலிருந்து பெயர் எடுத்ததுபோல நாமும் எடுக்கலாம்.

என் பரிந்துரை: துறைவிடை.

விடைபெறுதல், விடைகொடுத்தல் இரண்டும் நம் வாயில் இன்றும் இருப்பவை. படகுத்தலைவர் துறைவிடை பெறுகிறார், அதிகாரி துறைவிடை கொடுக்கிறார். விடைபெற்ற பிறகு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

> 'துறை' என்றால் இப்போது அரசுத் துறை என்றல்லவா படிப்பார்கள்?

நியாயமான கேள்வி. 'சுங்கத் துறைவிடை' என்று சேர்த்து எழுதினால் குழப்பம்தான், அப்படி எழுத வேண்டாம். தனியாக நிற்கும்போது துறைமுகம், படகுத்துறை, பரிசல்துறை எல்லாம் துணைக்கு வருகின்றன. 'விடுப்பு' என்று மாற்றலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. ஒரு பக்கம் அலுவலக விடுமுறை, இன்னொரு பக்கம் ஈழத்தில் ஊர்வம்பு என்ற பொருள்.

ஊர் வந்து சேரும்போது மஞ்சள் கொடி ஏற்றி அதிகாரிகளுக்காகக் காத்திருக்கும் நடைமுறைக்கு 'துறைபுகல்' என்று வைக்கலாம். 'துறைவரவு' வேண்டாம், துறைமுகத்தின் வருமானம் என்று படிக்கத் தோன்றும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்:

"துறைவிடை பெற்ற பின் வேறு எங்கும் நங்கூரம் இடக் கூடாது."

"முந்தைய துறைமுகத்தின் துறைவிடையைக் காட்டவும்."

இரண்டாவதில் 'துறைவிடைச் சீட்டு' என்று விரித்துச் சொன்னால்தான் தெளிவாகுமா? அது மட்டும் எனக்கு இன்னும் முடிவாகவில்லை.