டோனர் முட்டை: சட்டம் எங்கே இறுக்குது

[தாத்தா வீட்டுச் சொந்தங்கள் – வாட்ஸ்அப் குழு]

கார்த்தி: மீனாக்கா, டோனர் முட்டைக்கு (தானமா வாங்கற கருமுட்டை) நம்ம சொந்தத்துலயே ஒருத்தரைக் கூட்டிட்டுப் போலாமா? சித்தி கேக்கறாங்க.

மீனா: க்ளினிக் நேரா டோனரை எடுக்க முடியாதுடா. 2022 ஜனவரி 25ல அமலுக்கு வந்த ஏ.ஆர்.டி. (செயற்கைக் கருத்தரிப்பு) சட்டப்படி, பதிவான ஏ.ஆர்.டி. பேங்க் வழியாத்தான். டோனருக்கு 23–35 வயசு இருக்கணும். வாழ்நாள்ல ஒரே தடவைதான் குடுக்கலாம்.

சித்தி: ஒரு தடவை எடுத்தா போதாதாம்மா?

மீனா: அங்கதான் சிக்கல் சித்தி. 7 முட்டைக்கு மேல எடுக்கக் கூடாது. ஏழும் முதிர்ந்திருக்காது, முதிர்ந்தது எல்லாமே கருவாகாது. கருவானதுலயும் 5ம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் (கருப்பையில வைக்கத் தயாரான கரு) நிலை வரைக்கும் சிலதுதான் தாங்கும். கடைசில ஒண்ணோ ரெண்டோதான் மிஞ்சும். அது கருப்பையில ஒட்டலைன்னா வேற டோனர் தேடணும். ஒரு டோனர் ஒரே தம்பதிக்குத்தான்கிறதால ஸ்கிரீனிங், ஊசி, 12 மாச இன்சூரன்ஸ் எல்லாம் ஒரு வீட்டுத் தலையிலயே விழுது.

வக்கீல் மாமா: 2022ல ஈரோட்டுல 16 வயசுப் பொண்ணுக்குப் போலி ஆதார் போட்டு முட்டை வித்தாங்களே. ஆதார் சரிபார்ப்பு, பேங்க் பதிவு எல்லாம் கண்டிப்பா வேணும்.

மீனா: அதுல மாற்றுக் கருத்தே இல்ல மாமா. ஆனா டோனர் உடம்பைக் காப்பாத்தறது ஊசி அளவு, ஸ்கேன், முட்டையைக் கடைசியா முதிர வைக்கற ட்ரிகர் மருந்துத் தேர்வு. ஏழுன்னு எண்ணிக்கை போட்டதால அடிபடறது குழந்தைக்காகக் காத்திருக்கறவங்கதான்.

கார்த்தி: சித்தப்பாவுக்கு 54 ஆச்சே?

வக்கீல் மாமா: ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயசுக்குள்ள இருக்கணும். ஃபைலை இந்த வாரமே நகர்த்துங்க. 2025 அக்டோபர்ல வயசு வரம்புல சுப்ரீம் கோர்ட் குடுத்த தளர்வு, சட்டத்துக்கு முன்னாடியே கருவை ஃப்ரீஸ் பண்ணி வாடகைத்தாய்க்குக் காத்திருந்தவங்களுக்கு. நமக்கு அது ஆகாது.

சித்தி: வாடகைத்தாய்னா?

வக்கீல் மாமா: மாவட்ட மெடிக்கல் போர்டு சான்று, மாஜிஸ்திரேட் உத்தரவு, வாடகைத்தாய்க்கு 36 மாச இன்சூரன்ஸ், இது மூணும் வேணும். பணம் குடுத்து ஏற்பாடு பண்றது குற்றம். வாடகைத்தாய் முறைல டோனர் முட்டையே கூடாதுன்னு 2023 மார்ச்சுல மத்திய அரசு சொல்லிச்சு. 2024 பிப்ரவரில, போர்டு சான்று குடுத்தா முட்டை, விந்து ரெண்டுல ஒண்ணு மட்டும் டோனர்கிட்ட வாங்கலாம்னு தளர்த்தினாங்க. விதவை, விவாகரத்தானவங்களுக்கு இன்னும் சொந்த முட்டைதான். அது எனக்கு நியாயமாப் படலை.

மீனா: கார்த்தி, க்ளினிக்ல லெவல் 2 பதிவு இருக்கான்னு பாரு. லெவல் 1னா ஐ.யூ.ஐ. (விந்தணுவைக் கருப்பைக்குள்ள செலுத்தறது) மட்டும்தான். பேங்க் சான்றிதழைத் தனியாக் கேளு. அதைக் காட்டாம "டோனரை நாங்க பாத்துக்கறோம்"னு சொன்னா அட்வான்ஸ் கட்டாத.