காது கேளாத குழந்தைகளின் வீட்டுச் சைகையும் மனித மொழியின் தோற்றமும்

கேள்வி: மண்டபம் ஆசிரியை

நான் பணிபுரியும் தொடக்கப்பள்ளிக்கு அருகிலுள்ள மீனவர் குடியிருப்பில், பிறவியிலேயே காது கேளாத அக்காவும் தம்பியும் வளர்கிறார்கள். யாரும் கற்றுத்தராமலேயே இருவரும் கைகளால் பேசிக்கொள்ள ஒரு முறையை உண்டாக்கியிருக்கிறார்கள். படகு, அப்பா கரை திரும்பும் நேரம், பசி, கோபம் எல்லாவற்றுக்கும் அவர்களிடம் சைகை உண்டு. மொழி நம் உடம்போடு பிறந்து வருவதா, மனிதர் கூடி வாழ்ந்ததால் விளைந்ததா? குரல்வளையில்தான் மொழி தொடங்கியது என்றால், இவர்கள் கைகளில் இருப்பது என்ன? அவர்களுடைய பாட்டி, "அதுகளுக்கு அதுக பாஷை போதும், வெளியூர்ப் பள்ளிக்கூடம் எதுக்கு" என்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அவரிடம் எடுத்துச் சொல்லத்தக்க காரணம் வேண்டும்.

பதில்: கீழக்கரை வாசகர்

அம்மா, குரல்வளையிலிருந்தே தொடங்குகிறேன். மனிதனின் குரல்வளை கீழே இறங்கியிருப்பதுதான் பேச்சுக்குக் காரணம் என்று 1960களின் இறுதியிலிருந்து பலர் நம்பினார்கள். ஆனால் செம்மான்களுக்கும் குரல்வளை இறங்கியே இருக்கிறது என்பது 2001இல் தெரியவந்தது. மக்காக் குரங்குகளின் வாயும் தொண்டையும் அசைவதை எக்ஸ் கதிரால் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள், பேச்சுக்குப் போதுமான உயிரொலிகளை அந்த உறுப்புகளால் எழுப்ப இயலும் என்று 2016இல் காட்டினார்கள். ஆகவே வேறுபாடு பெரும்பாலும் தொண்டையில் இல்லை, மூளையில் இருக்கிறது. கேட்ட ஒலியைப் பழகித் தானும் எழுப்பும் ஆற்றல் குரங்கினத்தில் நம்மிடம் மட்டுமே நன்கு வளர்ந்திருக்கிறது. உறவில் வெகுதொலைவிலுள்ள கிளிகளுக்கும் பாடும் பறவைகளுக்கும் நம் மன்னார் வளைகுடாவின் ஓங்கில்களுக்கும் (டால்பின்களுக்கும்) அது வாய்த்திருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

'மொழி மரபணு' என்று செய்தித்தாள்கள் எழுதும் ஃபாக்ஸ்பி2 பற்றியும் ஒரு சொல். லண்டனில் மூன்று தலைமுறையாகப் பேச்சுக் குறைபாடு தொடர்ந்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்தபோது, அந்த மரபணுவில் நேர்ந்த பழுது 2001இல் கண்டறியப்பட்டது. சிம்பன்சியிடமிருந்து நம்மை வேறுபடுத்தும் அதன் இரு மாற்றங்கள் நியாண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்திடமும் இருந்தன என்று 2007இல் தெரிந்தது. ஒரே மரபணு மொழியைத் தந்துவிட்டது என்ற கதை பொருந்தவில்லை. பேச்சுக்கு வேண்டிய பல கூறுகளில் அதுவும் ஒன்று, அவ்வளவே.

பதில்: பாம்பன் படகுக்காரர் மகன்

உடம்பைப் பற்றி மட்டும் பேசினால் பாதி விடுபட்டுவிடும் என்று கருதுகிறேன். கரைவலை இழுக்கும்போது எங்கள் பெரியவர்கள் அம்பா பாடுவார்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏற்றுப் பாடும் அந்தத் தாளத்தில்தான் இருபுறத்துக் கயிறும் ஒருசேர நகரும். சேர்ந்து உழைத்தபோது எழுந்த ஒலியே மொழியின் முளை என்று 19ஆம் நூற்றாண்டில் லுட்விக் நுவாரே என்ற ஜெர்மானியர் வாதிட்டார். அந்த விளக்கம் எனக்கு முழுமையாகத் தோன்றவில்லை. தாளம் கைகளை இணைக்கும், ஆனால் நாளைக்கு எந்தத் திசையில் வலை விடலாம் என்று அதனால் சொல்ல முடியாது. கண்முன் இல்லாததைப் பற்றிப் பேசுவதுதான் மொழியின் பெரிய வேலை.

கடல் மட்டம் தாழ்ந்திருந்த பனியுகத்தில் நம் பாக் நீரிணை நிலமாகக் கிடந்தது; இலங்கைக்கு நடந்தே போகலாம். ஆஸ்திரேலியாவுக்கோ அப்போதும் ஆழ்கடலைத் தாண்டியாக வேண்டும். ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் அங்கே குடியேறியிருந்தார்கள். மிதவை கட்டி, குடிநீரும் உணவும் சேர்த்து, குழந்தைகளோடு கூட்டமாகக் கிளம்பியவர்கள் பேச்சில்லாமல் அதைத் திட்டமிட்டிருப்பார்கள் என்று கடலில் தொழில் செய்யும் எவரும் நம்ப மாட்டார்கள்.

பதில்: இராமநாதபுரம், சைகைமொழி பயிற்றுநர்

டீச்சர், உங்கள் கேள்விக்கு மிக அருகில் வரும் சான்று நிகரகுவாவில் கிடைத்தது. 1970களுக்கு முன்பு அங்கே காது கேளாதவர்கள் அவரவர் வீட்டில் தனித்தனியே, நீங்கள் சொல்வதைப் போன்ற வீட்டுச் சைகைகளோடு வாழ்ந்தார்கள். 1977இல் மனாகுவாவில் தொடங்கிய பள்ளியில் அவர்கள் முதன்முதலாக ஒன்றுகூடினார்கள். ஆசிரியர்கள் உதட்டசைவையும் ஸ்பானிய மொழியையுமே கற்பிக்க முயன்றார்கள். குழந்தைகளோ விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் தங்கள் சைகைகளைக் கலந்து புதியதொரு மொழியை உருவாக்கினார்கள். 1986இல் அங்கே சென்ற ஜூடி கெகல் என்ற மொழியியலாளர் அதை ஆராயத் தொடங்கினார்.

இதில் நான் மிகவும் மதிப்பது 2004இல் ஆன் செங்காஸ் குழுவினர் வெளியிட்ட கண்டுபிடிப்பு. சரிவில் ஒருவர் உருண்டு இறங்குவதைச் சொல்ல, முதலில் வந்த மாணவர்கள் உருளுதலையும் இறங்குதலையும் ஒரே கையசைவில் காட்டினார்கள். காது கேட்கும் மனிதர்களும் கையால் அப்படித்தான் காட்டுவார்கள். பின்னால் வந்த சிறுவர்கள் 'உருள்', 'இறங்கு' என்று இரண்டாகப் பிரித்து அடுத்தடுத்துக் காட்டினார்கள். பிரித்த துண்டுகளை வேறு துண்டுகளோடு சேர்த்துப் புதிய வாக்கியம் அமைக்கலாம். இந்த மாற்றத்தைச் செய்தவர்கள் முன்னவர்களிடமிருந்து கற்ற சிறு குழந்தைகள். மொழிக்கான ஆயத்தம் ஒவ்வொரு குழந்தையின் மூளையிலும் இருக்கிறது. அது முழு மொழியாக வளர, கூட்டமும் தலைமுறைத் தொடர்ச்சியும் வேண்டும். இருவர் மட்டும் புழங்கும் சைகை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வளர்ச்சிக்கு அங்கே இடம் குறைவு. பாட்டியிடம் சொல்ல வேண்டிய காரணம் இதுதான்.

கேள்வி கேட்டவர்: மண்டபம் ஆசிரியை

மிக்க நன்றி ஐயா. அக்காவுக்கு எட்டு வயதாகிவிட்டது. காலம் கடந்துவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது.

பதில்: இராமநாதபுரம், சைகைமொழி பயிற்றுநர்

கடந்துவிடவில்லை, ஆனால் இனியும் தாமதிக்கக் கூடாது. முதல் மொழியைப் பருவ வயதுக்குப் பிறகு தொடங்குபவர்களுக்குச் சொற்கள் சேர்ந்தாலும் இலக்கணம் முழுமையாகக் கைவருவதில்லை. எவ்வளவு இளமையில் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. காது கேளாத பிற குழந்தைகள் படிக்கும் பள்ளியில் இருவரையும் இந்தக் கல்வியாண்டிலேயே சேர்த்துவிடுங்கள். புதுதில்லியிலுள்ள இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 10,000 சொற்களுக்குக் காணொளி அகராதி வெளியிட்டிருக்கிறது. பெற்றோரும் பாட்டியும் கைப்பேசியிலேயே அதைப் பார்த்துப் பழகலாம். வீட்டுச் சைகையைத் தடுக்க வேண்டாம், அதுவும் அவர்களோடு இருக்கட்டும்.