சிறு ஓவிய அட்டை: நீலத்தின் மேல் கறுப்பு முத்திரை ஏன் பரவுகிறது?

மைக்கறை:
64க்கு 89 மி.மீ. அளவில் வெட்டிய நீர்வண்ணத் தாளில் நீலச் சாய மையையும் மஞ்சளையும் தேய்த்து, தண்ணீர் தெளித்து ஒற்றியெடுக்கிறேன். அதுவரை அழகுதான். அதன்மேல் கறுப்புச் சாய மையில் பறவை முத்திரையைக் குத்தினால் சிறகின் ஓரமெல்லாம் மீசை முளைத்துவிடுகிறது. தாளை மாற்றவா, மையை மாற்றவா?

அச்சுக்கட்டை:
மையைத்தான். சாய மை தாளுக்குள் இறங்கும். ஈரம் பட்டால் மறுபடி கரையும். மேல் அடுக்குக்கு நிறமி மை எடுங்கள். அது தாளின் மேலேயே படிவதால் ஓரம் கூர்மையாக நிற்கும். ஆனால் காயத் தாமதமாகும். ஈரமாக இருக்கும்போதே நிறமற்ற எம்பாசிங் பவுடரை (சூட்டில் உருகி மையின் மேல் புடைப்பாகப் படியும் தூள்) தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, சூடான காற்று வீசும் ஹீட் கன்னால் உருக்குங்கள். தலைமுடி உலர்த்தி வேண்டாம். பவுடரை ஊதித் தள்ளிவிடும்.

மைக்கறை:
பவுடரின் பளபளப்பு எனக்கு ஆகாது. கையில் எடுத்தால் காகிதம் என்ற உணர்வே போய்விடுகிறது.

தாள்பூச்சி:
அப்படியென்றால் ஸ்டேஸ்ஆன் போன்ற கரைப்பான் மை. வழவழப்பான பரப்பிலும் சீக்கிரம் காயும். ஆல்கஹால் மை அடுக்கின் மேல் மட்டும் யோசித்துக் குத்துங்கள். அடியிலுள்ள நிறத்தைக் கரைக்கக்கூடும். உங்களுடையது சாய மைதானே, முழுக்கக் காயவிட்டால் போதும்.

பின்புறம் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். 1997இல் சூரிச்சில் சுவிஸ் கலைஞர் வான்சி ஸ்டிர்னெமன் தொடங்கிய நாளிலிருந்தே இந்தச் சிறு ஓவிய அட்டைகள் (ஆர்ட்டிஸ்ட் டிரேடிங் கார்டு) விற்பதற்கல்ல, கைமாற்றிக்கொள்ளத்தான். உங்கள் பறவைக்கு ஈடாக என்னிடம் ஒரு மீன் அட்டை இருக்கிறது. சம்மதமா?