கிராஸ் (நெசவு நூலுக்குச் சாய்வான) விளிம்பு இழுபட்டு குவில்ட் பிளாக் கோணுகிறது, உதவி தேவை

மூலைமுக்கோணம்:
12 அங்குல பிளாக் (குவில்ட்டின் ஒரு சதுரப் பகுதி) 13. மூலை மேலே வரும்படி வைரமாகச் சாய்த்து, 3×3 அமைப்பில், இடையிடையே நான்கு சேர்த்து ஒரு குவில்ட் (துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை). ஒவ்வொரு பிளாக்கிலும் 3 அங்குல அரைச்சதுரம் (இரண்டு முக்கோணம் சேர்ந்த சதுரத் துண்டு) 16. துவைக்காத பருத்தித் துணி. 3⅞ அங்குலச் சதுரங்களை மூலைக்கு மூலை வெட்டி, முக்கோணங்களை ஜோடி சேர்த்து, 2.5 மி.மீ. தையலில் தைக்கிறேன். பிறகு ஸ்டீம் இஸ்திரி.

ஐந்து பிளாக் முடிந்தது. 12½ வர வேண்டிய பக்கங்கள் ஒன்று 12⅜, இன்னொன்று 12¾. நடுவில் குமிழ் போல எழும்புகிறது. மீதி எட்டு பிளாக்குக்கு 256 முக்கோணம் ஏற்கெனவே வெட்டியாயிற்று.

இரண்டாவது சிக்கல்: ஓரத்தில் வரும் பக்க முக்கோணங்கள் எட்டையும் 12⅞ சதுரத்தை இரண்டாக வெட்டி எடுத்தேன். முதல் வரிசையில் இரண்டைச் சேர்த்ததும் வெளிவிளிம்பு அலை அலையாக நிற்கிறது. 18¼ இருக்க வேண்டிய நீளப் பக்கம் 18⅝ ஆகிவிட்டது. தையலில் தவறா, வெட்டியதிலா?

நூல்திசை:
முதல் சிக்கல் தையலிலும் இஸ்திரியிலும் இருக்கிறது. இரண்டாவது, வெட்டியதில்.

பக்க முக்கோணத்தைப் பார்ப்போம். சதுரத்தை ஒருமுறை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு குட்டைப் பக்கங்கள் நேர் நூலில் (நெசவின் நெடுக்கு, குறுக்கு நூல் ஓடும் திசையில்), நீளப் பக்கம் கிராஸில். அளவு சரியாகப் பொருந்திவிடுவதால்தான் இந்தத் தவறு கண்ணில் படுவதில்லை. ஆனால் அந்த நீளப் பக்கம்தான் குவில்ட்டின் வெளிவிளிம்பு. பாவும் ஊடையும் பிடித்து நிறுத்தாத இடம் என்பதால் கை பட்டாலே நீளும்.

பக்க முக்கோணத்தைப் பெரிய சதுரத்திலிருந்து நான்காக வெட்ட வேண்டும். பிளாக்கின் முடிந்த அளவு (தையல் விளிம்பு நீங்கலாக, 12) × 1.414 + 1¼. உங்களுக்கு 18¼ அங்குலச் சதுரம் இரண்டு, இரு மூலைவிட்டத்திலும் வெட்டினால் எட்டு முக்கோணம். நீளப் பக்கம் நேர் நூலில் வந்துவிடும், கிராஸ் பக்கங்கள் பிளாக்கோடு தைக்கப்பட்டு அடங்கிவிடும். நான்கு மூலைத் துண்டுகளுக்கு இது நேர்மாறு: 12 ÷ 1.414 + ⅞, அதாவது 9⅜ சதுரம் இரண்டு, ஒரே வெட்டு. அங்கே குட்டைப் பக்கங்கள்தான் வெளியே வருகின்றன.

அரைச்சதுரங்களுக்கு முதலில் ஒரு சோதனை. தைத்த 3½ துண்டின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் 4 15⁄16 இருக்க வேண்டும்.

மூலைமுக்கோணம்:
பத்து துண்டு அளந்தேன். தையல் ஓடும் மூலைவிட்டம் 5⅛ வரை போகிறது. மற்றது சரி.

கால்அங்குலம்:
அப்படியானால் தையல்கோடு நீண்டிருக்கிறது. பெரும்பங்கு இஸ்திரியினுடையது. நீராவி பருத்தி இழையைத் தளர்த்தும், அதன் மேல் பெட்டியைத் தள்ளினால் கிராஸ் அப்படியே நீண்டு உலரும். ஸ்டீமை அணைத்துவிடுங்கள். மூடிய தையல் மேல் பெட்டியை ஐந்து நொடி வைத்து எடுத்து, பிறகு விரலால் திறந்து, மறுபடி வைத்து எடுங்கள். தள்ளியே ஆக வேண்டுமென்றால் தையல் வழியாகவும் வேண்டாம், தையலுக்குக் குறுக்காகவும் வேண்டாம், அந்த இரண்டு திசையுமே கிராஸ். நேர் நூல் தையலுக்கு 45 பாகையில் ஓடுகிறது, பெட்டி அந்தத் திசையில் மட்டும் நகரலாம்.

மீதி மெஷினில். அடிப்பற்கள் கீழ்த்துணியை உள்ளே இழுக்கும், ஃபுட் (துணியை மேலிருந்து அழுத்தும் பாகம்) மேல்துணியை முன்னோக்கித் தள்ளும். அழுத்தத்தைக் குறைக்கும் திருகு இருந்தால் ஒரு படி இறக்குங்கள். வாக்கிங் ஃபுட் இருந்தால் அது மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும். தையல் நீளம் 2 மி.மீ., ஊசி 75 அல்லது 80. மெஷினுக்குப் பின்னாலிருந்து துணியை இழுக்கவே கூடாது. முனையை ஊசித்துளை விழுங்காமலிருக்க, ஒரு சிறு கழிவுத்துணியில் தையலை ஆரம்பித்து அதிலிருந்து முக்கோணத்துக்குள் நுழையுங்கள்.

கிராஸ் விளிம்பை நேர்நூல் விளிம்போடு சேர்க்கும்போது கிராஸ் கீழே. பக்க முக்கோணத்தைப் பிளாக்கோடு சேர்ப்பது இந்த வகைதான். மிகுதியைப் பற்களே உள்ளே வாங்கிக்கொள்ளும். கிராஸ் மேலே இருந்தால் ஃபுட் அதைக் கடைசிவரை தள்ளிக்கொண்டுபோய் முனையில் மடிப்பு விழும்.

பஞ்சுப்பொதி:
முக்கோணமாக வெட்டித் தைப்பதே தொல்லை. இரண்டு சதுரத்தை முகத்தோடு முகம் வைத்து நான்கு பக்கமும் கால் அங்குலத்தில் தைத்து, இரண்டு மூலைவிட்டத்திலும் வெட்டினால் நான்கு அரைச்சதுரம் ஒரே தடவையில் வருமே?

நூல்திசை:
இவருக்கு அது வேண்டாம். தையல் நேர் நூலில் விழுந்து அழகாக வரும், ஆனால் நான்கு வெளிப்பக்கமும் கிராஸாகிவிடும். 16 துண்டு சேரும் பிளாக்கில் ஒவ்வொரு தையலும் கிராஸோடு கிராஸ். கஞ்சியில் விறைக்கவைத்த துணியில் சிலர் செய்கிறார்கள், ஆனாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எட்டு ஒரே தடவையில் எடுக்கும் முறை பாதுகாப்பு. கணக்குப்படி (3 + ⅞) × 2 = 7¾. 8 அங்குலமாக வெட்டினால் சீர்செய்ய இடம் கிடைக்கும். மேல் சதுரத்தின் பின்புறம் இரு மூலைவிட்டக் கோடு, ஒவ்வொரு கோட்டுக்கும் இருபுறம் கால் அங்குலத்தில் தையல். துணியை நகர்த்தாமல் நடுவில் நெடுக்காக, குறுக்காக, கடைசியாகக் கோடுகளில் வெட்டுங்கள். கிராஸ் விளிம்பு பிறப்பதற்கு முன்பே தையல் விழுந்துவிடுகிறது. அளவுகோலின் 45 பாகைக் கோட்டைத் தையல் மேல் வைத்து 3½ ஆகச் சீர்செய்யுங்கள்.

எந்த முறையானாலும் கஞ்சி வெட்டுவதற்கு முன்னால். தெளித்து, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, முழுக்க உலரும்வரை இஸ்திரி. துவைக்காத துணி இந்த ஈரத்தில் கொஞ்சம் சுருங்கும், வெட்டிய பிறகு சுருங்கினால் அளவு போய்விடும்.

மூலைமுக்கோணம்:
வெட்டிய 256-ஐ வீணாக்க முடியாது. பின்னணித் துணியில் மீதி 40 அங்குல அகலம், 20 நீளம் மட்டும்தான்.

கால்அங்குலம்:
256-ஐயும் பயன்படுத்தலாம். இஸ்திரிப் பலகை மேல் தட்டையாகப் பரப்பி, லேசாகக் கஞ்சி தெளித்து, தானாக முக்கால்வாசி உலரவிட்டு, பெட்டியை வைத்து எடுங்கள். கையில் தூக்கும்போது நேர்நூல் பக்கத்தைப் பிடியுங்கள், கூர்முனையை அல்ல. ஜோடிக்கு இரண்டு குண்டூசி, முனையிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, தையலுக்குக் குறுக்காக. ஊசி வருமுன் எடுத்துவிடுங்கள்.

மீதித் துணியில் 18¼ சதுரம் இரண்டு பக்கத்தில் பக்கமாக 36½ அங்குலம், தாராளமாக அடங்கும். அதற்கும் வெட்டுமுன் கஞ்சி போடுங்கள், சுருக்கம் போக அளந்த பிறகே வெட்டுங்கள். மூலைத் துண்டுகளுக்குப் பழைய பக்க முக்கோணங்களே போதும். தைக்காமல் ஆறு இருக்கின்றன. செங்கோண மூலையிலிருந்து இருபுறமும் 9⅜ அளந்து, நீளப் பக்கத்தை மட்டும் உள்ளே தள்ளி வெட்டினால் நான்கு மூலையும் நேர்நூலில் கிடைக்கும்.

துணியே இல்லாதவர்களுக்கு: வெளிவிளிம்பை ஈரம் தெளித்துச் சரியான நீளத்துக்கு ஒதுக்கி, அழுத்தி உலர்த்தி, விளிம்பிலிருந்து ⅛ அங்குலத்தில் ஒரு வரி காப்புத்தையல் போடுங்கள். பார்டரைக் குவில்ட்டின் நடுவில் அளந்து வெட்டுங்கள், அலைபாயும் ஓரத்தை அளந்தால் அந்த அலை பார்டருக்கும் ஏறிவிடும்.

மூலைமுக்கோணம்:
முடிந்த ஐந்து பிளாக்கை?

நூல்திசை:
நனைத்து, தட்டையான பலகையில் 12½ சதுரம் வரைந்து, அதற்குள் ஒதுக்கி ஊசி குத்தி உலரவிடுங்கள். ⅛ அங்குல மிகுதி பெரும்பாலும் அடங்கிவிடும். வெளிவிளிம்பை வெட்டிச் சரிசெய்ய நினைக்காதீர்கள், ஓரத்தில் இருக்கும் கூர்முனைகள் தையலுக்குள் போய்விடும். உலர்ந்த பிறகும் ¼ அங்குலம் மிஞ்சினால் அந்தப் பிளாக்கைப் பிரிப்பதே நல்லது.

பிரிக்கும்போது இரண்டு துணியையும் விரித்து இழுக்காதீர்கள், அதுவே கிராஸை இன்னும் நீட்டும். பாபின் (கீழ்நூல்) பக்கத்தில் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக நூலை அறுத்து, திருப்பிப் போட்டு மேல்நூலை ஒரே இழையாக உருவுங்கள். துணி மேஜையிலேயே கிடக்கட்டும்.