‘ஆங்கர் பாயிண்ட்’டுக்குத் தமிழ்: தாங்கிடம்

வணக்கம்.

உயரத்தில் வேலை செய்பவர் தன் பெல்ட்டின் கொக்கியை மாட்டும் இடத்துக்கு ‘நங்கூரப் புள்ளி’ என்று முந்தைய மடலில் பரிந்துரைத்திருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிங்கப்பூர்க் கட்டுமானத் தளங்களில், தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பிகளுக்குத் தினமும் காலைக் கூட்டத்தில் பாதுகாப்பு விளக்கம் சொல்வது என் வேலை. நாம் எந்தச் சொல்லை முடிவு செய்தாலும் அதை நான் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நங்கூரம் என்றதும் மனம் கீழே போகிறது, கடலுக்கடியில். தளத்தில் நாங்கள் மல்லுக்கட்டுவதே இந்தக் கீழே மாட்டும் பழக்கத்தோடுதான். காலடியில் கொக்கியை மாட்டிக்கொண்டு ஒருவர் விழுந்தால் கணக்கு இப்படி வரும்: பெல்ட்டையும் கொக்கியையும் இணைக்கும் வார் 2 மீட்டர், ஐரோப்பியத் தரநிலைப்படி அந்த வாரிலுள்ள அதிர்ச்சி தாங்கி கிழிந்து நீளக்கூடியது 1.75 மீட்டர் வரை. வார் மாட்டியிருக்கும் முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5; கையிருப்பாக 1. ஆக, கீழே 6.25 மீட்டர் வெற்றிடம் வேண்டும். அதாவது இரண்டு மாடி. தலைக்கு மேலே மாட்டினால் இந்தக் கணக்கு வெகுவாகச் சுருங்கிவிடும். கீழ்நோக்கிப் பார்க்க வைக்கும் சொல் எதற்கு?

‘புள்ளி’ அதைவிட மோசம். புள்ளி என்றால் சாக்பீஸால் வைத்த குறி. எங்கே என்று சொல்கிறதே தவிர, தாங்குமா என்று சொல்லவில்லை. இங்கே தாங்குவதுதான் எல்லாமே. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிகளில் இது எண்ணாகவே இருக்கிறது: தகுதியுள்ள ஒருவர் தனியாகக் கணக்கிட்டு அமைத்தாலொழிய, அந்த இடம் ஆளுக்கு 5,000 பவுண்டு தாங்க வேண்டும், ஏறத்தாழ 2,270 கிலோ. அதே விதிகளில், விளிம்பில் போடும் தடுப்புக் கம்பிக்கு 200 பவுண்டு போதும், சுமார் 90 கிலோ. இரண்டும் இரும்புக் குழாயாகவே இருக்கலாம். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

‘பிடிமானம்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். நல்ல தமிழ். நானே கொஞ்ச நாள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஏழாவது மாடியில் ஒரு தம்பி, தூணுக்காக விட்டிருந்த முறுக்குக் கம்பியில் கொக்கியை மாட்டியிருந்தார். இடுப்பு உயரத்துக்கு நிற்கும் ஒற்றைக் கம்பி, நுனியில் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் மூடி. விழுந்தால் கொக்கி அப்படியே மேலே உருவிக்கொண்டு வந்துவிடும். ஏன் இதில் மாட்டினாய் என்று கேட்டதற்கு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக் காட்டி, “நல்ல பிடிமானம் இருக்குண்ணே, அசையவே இல்ல பாருங்க” என்றார். நான் கொடுத்த சொல்லை வைத்தே பதில் சொன்னார். கையால் பிடித்து நிற்பதற்கு வேண்டியது பிடிமானம். 1.8 மீட்டர் விழுந்த உடம்பு நொடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் வந்து இழுப்பதை ஆட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அன்றைக்கே அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

‘கட்டுத்தறி’யையும் யோசித்தேன். யானையின் இழுப்பைத் தெரிந்துகொண்டு ஊன்றும் தூண். பொருள் அருமையாகப் பொருந்துகிறது. ஆனால் திருப்பூர், ஈரோட்டுப் பிள்ளைகளுக்குத் தறி என்றால் நெசவுத் தறிதான். தவிர, மனிதரைக் கட்டிப்போடுவது போன்ற சாயல் அதில் இருக்கிறது. நாம் பெல்ட் என்று சொல்லும் ஹார்னஸுக்குச் ‘சேணம்’ வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். அது குதிரைக்கு.

என் பரிந்துரை: தாங்கிடம். வாழிடம் போல வினைத்தொகை. தளத்தில் எல்லோரும் இயல்பாகக் கேட்கும் “தாங்குமா?” என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. கிளைச்சொற்களும் எளிதாக வரும்: கான்கிரீட்டில் பதிக்கும் கண்ணுள்ள போல்ட் தாங்குவளையம், உத்தரத்தைச் சுற்றிப் போடும் பட்டை தாங்குவார்.

அப்புறம் ஒரு விஷயம். ‘வீழ்ச்சித் தடுப்பு’ என்று ஒரே சொல்லால் இரண்டு வேலையைச் சொல்லிவிடுகிறோம். விளிம்பை எட்டவே முடியாதபடி வாரின் நீளத்தைக் குறைப்பது ஒன்று. விழுந்த பிறகு தரையைத் தொடுவதற்குள் நிறுத்துவது இன்னொன்று. முன்னதில் ஆள் விழுவதே இல்லை. முதலாவதை வீழ்தடை என்றும் இரண்டாவதை வீழ்தாங்கல் என்றும் பிரிக்கலாம். ‘பெல்ட்’ அப்படியே இருக்கட்டும், வாயில் ஊறிவிட்டது. ஆனால் இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டை வீழ்தாங்கலுக்கு ஓஷா 1998-லேயே விலக்கிவிட்டது. அதனால் எழுத்தில் ‘முழுவுடல் பெல்ட்’ என்றே போடுவோம்.

தாங்கிடத்தில் ஒரு குறை எனக்கே தெரிகிறது. ‘தங்குமிடம்’ என்று காதில் விழ வாய்ப்பு உண்டு, அதுவும் துளைப்பு இயந்திரம் ஓடும்போது. “தாங்கிடத்துல மாட்டு!” என்று எட்டாவது மாடிக்குக் கேட்கும்படி ஒருமுறை கத்திப் பாருங்கள். அதைவிடத் தெளிவாகக் கேட்கும் சொல், தாங்குதலை விடாத சொல், யாருக்காவது தோன்றினால் உடனே எழுதுங்கள். அதுவரை நாளைக் காலைக் கூட்டத்திலிருந்து இதையே சொல்லப்போகிறேன்.