பழைய மாசி பெர்குசன் 35: பின்சக்கர இடைவெளியை 72 அங்குலமாக்க உதவி தேவை

வணக்கம் அண்ணன்மாரே. அப்பா காலத்து மாசி 35 டிராக்டர் இன்னும் எங்களிடம் ஓடுகிறது. பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். கிளட்ச் இரண்டு கட்டம்: பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், பிடிஓ (பின்னால் பூட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) சுற்றிக்கொண்டே இருக்கும், முழுக்க மிதித்தால் அதுவும் நிற்கும். இந்த ஒரு வசதிக்காகவே விற்க மனம் வரவில்லை.

இந்த முறை பருத்தியை வரிசைக்கு 3 அடி விட்டு ஊன்றியிருக்கிறோம். களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை, கொத்துக்கலப்பையால் இடை உழவு ஓட்டியாக வேண்டும். இரண்டு வரிசையை நடுவில் விட்டு ஓட்ட 72 அங்குலம் வேண்டும். இப்போது 52தான் இருக்கிறது. 72 வைத்தால் 11 அங்குல டயருக்கு இரு பக்கமும் செடிவரை பன்னிரண்டரை அங்குலம் மிஞ்சும், வேர் அறுபடாது.

ரிம்மையும் டிஸ்க்கையும் (சக்கரத்தின் நடுத்தட்டு) மாற்றி மாற்றிப் பூட்டினால் 48 முதல் 76 வரை நான்கு நான்கு அங்குலமாகக் கூட்டலாம், சரி. 72க்கு டிஸ்க்கின் குழிவு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? ரிம்மின் காதுகள் (டிஸ்க்கோடு பூட்டும் இடங்கள்) உள்ளே வரணுமா, வெளியேவா? முன் அச்சை எத்தனை துளை தள்ளணும்? டயர் பட்டன் (மண்ணைப் பிடிக்கும் மேடுகள்) திசை மாறாமல் இருக்க இடது வலது சக்கரங்களை இடம் மாற்றணுமா?

இப்படி மாற்றி ஓட்டியவர்கள் போட்டோவோடு சொன்னால் பேருதவி. செடி முழங்கால் உயரம் வருவதற்குள் முதல் உழவை முடிக்கணும்.